கார்னிஸ் வளைகிறது

ஜனவரி 6, செவ்வாய்

மூன்று ராஜாக்கள் திருநாள். சர்ச்சில் பூசை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல், நான் உட்கார்ந்து படம் வரைந்து விற்கும் நடைபாதைக்கு நேராக வந்துவிட்டேன். புது வருடத்துக்கு என் வீட்டுக்காரர் வாங்கித் தந்த நோட்டில் இன்றுதான் முதல் வரி எழுதுகிறேன். கோடு போட்டவன் தூக்கக் கலக்கத்தில் இருந்திருப்பான் போல. எல்லாக் கோடும் நடுவில் இறங்கி மறுபடி ஏறுகிறது. இவர் வேலை செய்யும் பேக்கரிக்குப் பக்கத்துக் கடையில் மலிவாகக் கிடைத்ததாம். மலிவு பார்த்தால் இப்படித்தான்.

இன்று ஒரு நல்ல வேலை வந்தது. நான் உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே இருக்கும் மஞ்சள் வீடு மதாம் வலாந்தீனுடையது. அவர் தெருவைத் தாண்டி வந்து என் ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்றார். அடுத்த மாதக் கடைசியில் பிரான்சில் இருக்கும் மர்சேய்க்குப் போகிறாராம். அங்கே அவருடைய அக்கா படுத்த படுக்கையாக இருக்கிறார்.

“போட்டோ அனுப்பினேன் பௌலின். வீடு செத்த மாதிரி இருக்குன்னு சொல்லிட்டா. நீ கையால வரைஞ்சு குடு. ஆனா அளவு தப்பக் கூடாது. எந்த ஜன்னல்ல எந்தக் கட்டை உடைஞ்சிருக்குன்னுகூட அவளுக்கு மனப்பாடம்.”

அளவு தப்புவதா? யாரிடம் சொல்கிறார்! இந்தத் தெருவில் அளவு என்றால் பௌலின் என்றுதான் பெயர். அதற்குக் காரணம் அளவு பிசகாமல் வரைய உதவும் என் கருவி, லூசிடா. படிப்பு முடிந்து ஊருக்குப் போன ஒரு பிரெஞ்சுப் பெண் எனக்கு விற்றுவிட்டுப் போனது. ஒரு தடி, அதன் நுனியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கண்ணாடிப் பட்டகம், பலகையில் மாட்ட ஒரு திருகு, அவ்வளவுதான். பட்டகத்தின் விளிம்பில் கண்ணை வைத்துக் குனிந்தால் எதிரே உள்ள வீடு கீழே காகிதத்தின் மேல் படிந்து தெரியும். பென்சில் முனையும் கூடவே தெரியும். வீட்டின் மேல் பென்சிலை ஓட்ட வேண்டியதுதான். எனக்கு வலது கண்தான் கண். இடது கண் பிறந்ததிலிருந்தே சோம்பேறி, ஆள் வருவதும் போவதும் மட்டும் தெரியும்.

“காப்பி அடிக்க இன்னொரு ஆர்டரா?” என்றான் கலியபெருமாள். எனக்கு இரண்டு கை தள்ளி உட்கார்ந்து வெறும் கண்ணால் தெருவையும் டூரிஸ்டுகளின் முகத்தையும் வரைபவன். என்னைவிடச் சின்னவன். என்னைக் கண்ணாடிக்காரி என்பான்.

“உன் படத்துல சர்ச் கோபுரம் கடலுக்குள்ள சாயுது. அதப் பாரு மொதல்ல” என்றேன்.

ஜனவரி 9, வெள்ளி

மதாமின் படத்தைத் தொடங்கினேன். கீழ்த்தளம், பெரிய கதவு, நான்கு ஜன்னல் முடிந்தது. உச்சியில் சுவர் நீளத்துக்கும் விளிம்பாக ஓடும் கார்னிஸுக்கு வந்தபோது என்னவோ செய்தது. பட்டகத்தில் அது நடுவில் தொங்கித் தெரிகிறது, துணி காயப்போட்ட கயிறு மாதிரி. இந்த வீட்டை எத்தனை தடவை வரைந்திருப்பேன்! சுண்ணாம்பு உதிர்ந்திருக்கும், கட்டை உடைந்திருக்கும், கார்னிஸ் தொங்கியதில்லை. திருகு தளர்ந்திருக்க வேண்டும்.

ஜனவரி 10, சனி

திருகை இறுக்கினேன். அப்படியேதான் இருக்கிறது.

ஜனவரி 13, செவ்வாய்

பட்டகத்தை ஸ்பிரிட்டால் துடைத்தேன். திருப்பி மாட்டினேன். பலகையை மாற்றினேன். ஸ்டூலையும் பக்கத்துக்குத் தள்ளிப் பார்த்தேன். எல்லாம் பார்த்தாகிவிட்டது. பட்டகம் கெட்டிருந்தால் படம் முழுக்கக் கோணலாக வேண்டும். இது நான் பார்க்கிற இடத்தில் மட்டும் தொங்குகிறது. கதவைப் பார்த்தால் கதவு நெளிகிறது, கார்னிஸைப் பார்த்தால் கார்னிஸ். எனக்குப் புரியவில்லை.

பட்டகத்தை விட்டு நிமிர்ந்து வெறும் கண்ணால் பார்த்தேன். அப்போதும் தொங்கியது! அப்படியானால் வீடுதான் இறங்கியிருக்கிறதா? ஓடிப்போய் மதாமிடம் சொல்லலாமா என்று எழுந்தேன். அப்புறம் பார்த்தால் தெருமுனை கரண்ட் கம்பமும் இடுப்பை வளைத்துக்கொண்டு நிற்கிறது. கம்பமுமா இறங்கும்? வெயில் கூசி இருக்கும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

காலையில் காப்பியைத் தரையில் ஊற்றினேன். இந்தப் புது டம்ளரின் வாய் ரொம்பச் சிறிது.

ஜனவரி 16, வெள்ளி

பொங்கல் கூட்டம். பெங்களூர் ஜோடி ஒன்று நின்று படம் வாங்கிப் போனது.

மதாமின் படத்தையும் முடித்துவிட்டேன். யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். கார்னிஸ் நேர் என்பது எனக்குத் தெரியும். காகிதத்தில் விழுந்த கோடு தொங்குகிறது. பட்டகம்தான் எப்படியோ பொய் சொல்கிறது. அதனால் அழித்துவிட்டு, என் கண்ணுக்கு நேராகத் தெரிகிற வரைக்கும் கோட்டை மேலே தூக்கித் திருத்தினேன். ஜன்னல் தலைகளையும் அப்படியே செய்தேன். இப்போது பார்க்க அழகாக இருக்கிறது. லூசிடா வந்த நாளிலிருந்து இன்றுதான் அதை மீறி வரைந்தேன். சரியான வேலைதான், ஆனாலும் மனது ஒட்டவில்லை.

ஜனவரி 19, திங்கள்

மதாம் படத்தைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்.

“ஏன் பௌலின், என் வீட்டுக்கு எப்போ கூன் விழுந்துச்சு?”

“கூனா? எங்க மதாம்?”

“இந்தா, நெத்தியப் பாரு. மேல முட்டிக்கிட்டு நிக்குது. ஜன்னலெல்லாம் புருவத்தத் தூக்கிக்கிட்டு என்னையே பாக்குது. எங்க அக்கா பாத்தா சிரிக்க மாட்டா, அழுதுருவா.”

நான் பார்த்தேன். நேராக இருந்தது. திரும்பப் பார்த்தேன். நேராகவே இருந்தது. மதாம் கேலி செய்கிற ஆள் இல்லை. கலியபெருமாளை எட்டிப் பார்த்தேன். அவன் ஒரு குழந்தையின் முகத்தை வரைகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டான். அவன் முன்னால் குழந்தை எதுவும் இல்லை.

வேறு வரைந்து தருகிறேன் என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன். முகமெல்லாம் சூடாகிவிட்டது.

ஜனவரி 20, செவ்வாய்

புதிய தாளில் மறுபடி வரைந்தேன். பட்டகம் காட்டியபடியே, திருத்தாமல். கார்னிஸ் தொங்குகிறது. தொங்குகிறதைக் கொடுத்தால் என்ன சொல்வார்?

ஸ்கேலை எடுத்துக் கோட்டின் மேல் வைத்துப் பார்த்தேன். ஸ்கேலும் தொங்குகிறது. பையில் கிடந்து வெயிலில் இளகியிருக்கும், பிளாஸ்டிக்தானே. கடைக்குப் போய் ஸ்டீல் ஸ்கேல் வாங்கினேன்.

அதுவும்.

கடைக்காரரிடம் கொண்டுபோய் நீட்டினேன். அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஸ்கேலின் விளிம்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “நல்லாத்தாம்மா இருக்கு” என்றார். ஒன்றும் புரியாமல் திரும்பி வந்தேன்.

ஜனவரி 22, வியாழன்

தப்பு நடந்துவிட்டது. நடந்ததை எழுதிவைக்கிறேன்.

நான் சாப்பிடப் போகும்போது என் பலகையையும் லூசிடாவையும் கலியபெருமாள்தான் பார்த்துக்கொள்வான், எப்போதுமே அப்படித்தான். இன்று சீக்கிரம் திரும்பிவிட்டேன். அவன் என் பலகையின் மேல் குனிந்து திருகைப் பிடித்திருந்தான். எனக்கு எல்லாம் விளங்கிவிட்ட மாதிரி ஆயிற்று.

“நீதானா? தெனமும் நான் போனதும் இதத் திருகி வெக்கிறது நீதானா?”

“இன்னாக்கா சொல்ற?”

“கண்ணாடிக்காரின்னு கேலி பண்ணப்பவே தெரிஞ்சுது எனக்கு. நேரா வரைய வக்கில்லாதவன் அடுத்தவ கோட்டையும் கோணலாக்கணுமா?”

தெருவே திரும்பிப் பார்த்தது. அவன் வாயில் எதையோ வைத்துக்கொண்டு விழுங்க முடியாதவன் மாதிரி நின்றான். அப்புறம் தாள், கரி, குடை எல்லாவற்றையும் வாரிச் சுருட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டான்.

அவன் போன பிறகு திருகைச் சரிபார்த்தேன். நான் வைத்துவிட்டுப் போனதைவிட இறுக்கமாக இருந்தது. இறுக்கியா கோணலாக்குவான்?

ஜனவரி 23, வெள்ளி

அவன் வரவில்லை. கார்னிஸ் தொங்குகிறது.

ஜனவரி 25, ஞாயிறு

பூசையில் சாமியாரின் முகத்தில் மூக்கு இல்லை. நான் எங்கே பார்க்கிறேனோ அங்கே ஒரு சாம்பல் கறை. மெழுகுவர்த்திப் புகை அதிகம் இன்று.

வெளியே வந்ததும் இவர் கையைப் பிடித்துக்கொண்டார். படியில் இரண்டு தடவை தடுமாறினேனாம்.

“ஒரு எட்டு கண் டாக்டர்கிட்ட போய்ட்டு வந்துரலாம் பௌலின்.”

“கண்ணுக்கு என்ன? உங்க சட்டையில மாவு ஒட்டியிருக்குறது இங்கருந்தே தெரியுது.”

“நான் குளிச்சு சட்டை மாத்திட்டுத்தான் வந்தேன்.”

கையை உதறிவிட்டு முன்னால் நடந்தேன். அப்பா தையல்காரர். கடைசி வருடங்களில் ஊசி கோக்கும்போது நூல் நெளிகிறது, நூல் நெளிகிறது என்று கத்துவார். நூல்கண்டுக்காரனோடு சண்டைக்குக்கூடப் போனார். அது வேறு விஷயம். ஏன் இப்போது ஞாபகம் வந்தது என்று தெரியவில்லை.

ஜனவரி 28, புதன்

வலது கண்ணில் தூசி விழுந்தது. பொத்திக்கொண்டு சோம்பேறிக் கண்ணால் ஜன்னலைப் பார்த்தேன். கம்பிகள் மங்கலாக, ஆனால் நேராக நின்றன. தூசி போனது. கையை எடுத்தேன். கம்பிகள் வளைந்தன.

ஜன்னல் செய்த ஆசாரியைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

ஜனவரி 29, வியாழன்

ஆசாரியைக் கூப்பிடவில்லை.

பிப்ரவரி 1, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. தலைவலி என்றேன்.

டிரங்குப் பெட்டியைத் திறந்து மஞ்சள் வீட்டின் பழைய படம் ஒன்றைத் தேடி எடுத்தேன். அதே இடத்திலிருந்து, அதே லூசிடாவில், நல்ல நாட்களில் வரைந்தது. நடைபாதைக் கல்லில் ஸ்டூல் கால் நிற்க நான் செதுக்கி வைத்த குழி அப்படியே இருப்பதால் என் படங்களில் அந்த வீடு எப்போதும் ஒரே அளவில்தான் விழும். அந்தப் படத்தில் கார்னிஸ் நேராக இருந்தால் வீடு இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். மதாமிடம் காட்டிவிடலாம். அப்படி இருக்க வேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டுதான் பிரித்தேன். அடுத்தவர் வீடு இடிய வேண்டும் என்று வேண்டிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

பழைய படத்திலும் கார்னிஸ் தொங்கியது.

பெட்டியில் ஈரம் என்று எழுத ஆரம்பித்தேன். எழுதி அடித்துவிட்டேன்.

பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 3, செவ்வாய்

இரண்டு படத்தையும் சுருட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். பழைய படம் ஒன்று, போன மாதம் இருபதாம் தேதி திருத்தாமல் வரைந்தது ஒன்று. கலியபெருமாள் ஒரு பெஞ்சுக்குப் பக்கத்தில் குடையைக் குத்தி வைத்திருந்தான். காற்றில் தாள் படபடத்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். உட்காருக்கா என்று சொல்லவில்லை. சொல்லாதது நியாயம்.

“மன்னிச்சுக்கோ கலியா. அப்புறமா எவ்ளோ வேணா திட்டு. மொதல்ல இத ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுப் பாரு.”

அவன் விரலில் இருந்த கரியைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். பிறகு தாள்களை வாங்கி மூலை சேர்த்துக் கடலுக்கு எதிரே, வெயிலில் தூக்கிப் பிடித்தான். வெளிச்சம் இரண்டு தாளையும் ஊடுருவியது. நான் அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், தாளைப் பார்க்கத் தைரியம் இல்லை.

“மயிரிழை தப்பலக்கா. ரெண்டும் ஒரே படம்.”

“கார்னிஸ்?”

“ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்திருக்கு.”

“தொங்குதா?”

“எது?”

“கார்னிஸ் கலியா. நடுவுல தொங்குதா இல்லையா? சும்மா எனக்காகச் சொல்லாத.”

அவன் தாளை மெதுவாக இறக்கினான். “நூல் புடிச்ச மாதிரி இருக்கு” என்றான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “உனக்குத் தொங்குதாக்கா?” என்றான்.

நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அவன் ஒரு தாளை எடுத்துக் கரியால் குறுக்கே ஒரு கோடு போட்டு என் முன்னால் நீட்டினான். தொங்கியது. இன்னொன்று போட்டான். அதுவும் தொங்கியது. எதிரே பார்த்தேன். கடல் முடிகிற கோடும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது. கடலை யார் திருகியிருப்பார்கள்?

அழுதேன். மூக்கைச் சிந்தி, சத்தமாக, டூரிஸ்டுகள் பார்க்கப் பார்க்க அழுதேன். இருப்பது ஒரே கண். அதுவும் போனால் நான் யார்?

“அந்தத் திருகு…” என்றேன் நடுவில்.

“நாந்தான்க்கா தொட்டேன். நீ சாப்புடப் போறப்பல்லாம் தொடுவேன். கடல்காத்துல லூசாயிடும்னு இறுக்கி வெப்பேன். நீ கேட்டப்ப அதச் சொல்லத் தோணல, அவ்ளோ பேர் முன்னால.”

எத்தனை வருடமாக என் கோடு நேராக விழுந்ததில் அவன் கையும் இருந்திருக்கிறது. எனக்கு அது தெரியவே தெரியாது.

குடையை மடக்கினான். மொபெட்டை எடுத்து வந்து நிறுத்தினான். “ஏறு. கண்ணாஸ்பத்திரி இன்னும் மூடியிருக்க மாட்டான்” என்றான்.

பிப்ரவரி 4, புதன்

நேற்று சொட்டு மருந்து ஊற்றிப் பார்த்துவிட்டு, இன்று கண்ணைப் படம் எடுக்க வரச் சொல்லியிருந்தார்கள். இவரும் லீவு போட்டுவிட்டு வந்தார், கலியபெருமாளும் கூட வந்தான். டாக்டர் சின்னப் பெண், பொறுமைசாலி. கட்டம் கட்டமாகக் கோடு போட்ட ஒரு அட்டையை நீட்டி, எப்படித் தெரிகிறது என்று கேட்டாள்.

“சொல்லத் தெரியாது. பென்சில் இருந்தா வரைஞ்சு காட்டுறேன்” என்றேன்.

தந்தாள். எந்தக் கட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது, எங்கே இறங்குகிறது, எங்கே சாம்பல் கறை என்று தனித்தாளில் வரைந்தேன். அவள் அதைக் கம்ப்யூட்டரில் இருந்த என் கண்ணின் படத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“இந்தப் பள்ளம் இருக்கே, சரியா அந்த எடத்துலதான் நீர் கோத்திருக்கு. யாரும் எனக்கு இவ்ளோ கரெக்டா வரைஞ்சு குடுத்ததில்ல.”

இந்த நிலைமையிலும் எனக்குப் பெருமையாக இருந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

விழித்திரையின் நடுவில் நீர் கசிகிறதாம். வயதானால் சிலருக்கு வருமாம், குடும்பத்தில் இருந்தால் இன்னும் சுலபமாக வருமாம். அப்பாவைப் பற்றிச் சொன்னேன். கண்ணுக்குள் ஊசி போட வேண்டும், மாதாமாதம். எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டாள். பத்து நாள் என்றேன். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இந்த நோட்டின் முதல் பக்கம் என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

“இன்னும் முன்னாடி வந்திருந்தா நல்லாருந்திருக்கும்மா. இனிமே கெடாம பாத்துக்கலாம். வளைஞ்சது முழுசா நிமிரும்னு சொல்ல மாட்டேன்.”

கலியபெருமாள் கேட்க வேண்டியதைக் கேட்டான். அவனுக்கு ராத்திரியெல்லாம் அதே யோசனையாம்.

“இவங்க கண்ணு வளைச்சுக் காட்டுது, சரி. அப்ப லூசிடாவுல வரைஞ்சது மட்டும் எப்படி டாக்டர் நேரா வருது?”

நான் லூசிடாவைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். அவள் குனிந்து, பட்டகத்தின் வழியே மேசைமேல் படிந்த ஜன்னலைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“வீட்டப் பாக்குறதும் அதே கண்ணு, பென்சில் முனையப் பாக்குறதும் அதே கண்ணு. ரெண்டும் ஒரே அளவு வளையுது. ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு ஓட்டுனா தாள்ல சரியாத்தான் விழும். உங்களுக்கு மட்டும்தான் அதுவும் வளைஞ்சு தெரியும்.”

“திருத்துனா?” என்றேன்.

“திருத்துனாதான் கெடும்.”

மதாம் பார்த்த கூன் அதுதான்.

பிப்ரவரி 6, வெள்ளி

ஊசி போட்டார்கள். வலிக்கவில்லை, பயந்ததுதான் மிச்சம்.

பிப்ரவரி 10, செவ்வாய்

சொட்டு மருந்து. இவர் பேக்கரியிலிருந்து வந்து சமைக்கிறார். எல்லாவற்றிலும் உப்பு தூக்கல். சொல்லவில்லை. மதாம் வந்து பார்த்துவிட்டுப் போனார். படத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. அதனால்தான் அதையே நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன்.

பிப்ரவரி 16, திங்கள்

நடைபாதைக்குப் போனேன். கலியபெருமாள் தன் பழைய இடத்தில் குடையைக் குத்தி உட்கார்ந்திருந்தான். ஒன்றும் நடக்காத மாதிரி, “வந்துட்டாய்யா கண்ணாடிக்காரி” என்றான். என் ஸ்டூலைக் குழியில் வைத்து உட்கார்ந்தேன்.

சாம்பல் கறை கொஞ்சம் வெளுத்திருக்கிறது. பள்ளம் அப்படியே இருக்கிறது. பெஞ்சில் அழுத அன்று இருபதாம் தேதித் தாள் நனைந்து கறையாகிவிட்டது, அதனால் புதுத் தாளை மாட்டினேன்.

பிப்ரவரி 18, புதன்

சாம்பல் புதன். நெற்றியில் சாம்பலோடு உட்கார்ந்து மதாமின் படத்தை முடித்தேன்.

இப்படி ஒரு வேதனையான வேலையை நான் செய்ததில்லை. ஒவ்வொரு கோடும் கோணலாக விழுவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே வரைய வேண்டும். கார்னிஸ் இறங்க இறங்க ரப்பரை எடுக்கக் கை போகும். கலியபெருமாள் ரப்பரைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். “எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. வரை” என்றான். என் கண்ணை நம்பாமல் என் கையை நம்ப வேண்டும். பல தடவை நிறுத்திவிட்டேன். ஜன்னல் கட்டைகளில் உடைந்தது எது என்று சரிபார்க்க மட்டும் அவனைக் கேட்டேன். நேராக இருக்கிறதா என்று கேட்கவே இல்லை. கேட்டால் அடுத்த கோட்டுக்கும் கேட்பேன், அப்புறம் சாகும்வரை கேட்பேன்.

சாயங்காலம் மதாம் வந்தார். படத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். எனக்குத் தெரிந்தது நடுவில் தொங்குகிற ஒரு வீடு, இடுப்பு நெளிந்த ஜன்னல்கள், அலை மாதிரி ஒரு கதவு. மதாம் படத்தைக் கீழிருந்து மேலாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு விரலால் மேல் ஜன்னலின் உடைந்த கட்டையைத் தொட்டார்.

“இங்கதான் எங்க அக்கா தலையை விட்டு மாட்டிக்கிட்டா. அறுத்துதான் எடுத்தாங்க” என்றார். குரல் உடைந்திருந்தது. “அச்சு அசல் பௌலின். ஒரு கோடு தப்பல.”

“எடுத்துட்டுப் போங்க மதாம்” என்றேன். அவர் எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டித் தொங்குகிற வீட்டுக்குள் போனார்.

வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். நோட்டின் கோடுகள் இன்றும் நடுவில் இறங்கி ஏறுகின்றன. இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். என் எழுத்து கோட்டை விட்டு எங்கேயும் விலகவில்லை என்கிறார்.